வேற்று உலகமும் சர்க்கஸ் கூடாரமும்: வாசிக்க வாற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு முன்விறாந்தையில ரெண்டு அலுமாரி நிறையக் கதைப் புத்தகம் இருக்கு, சயன்ஸ் ஃபிக்‌ஷனும் ஃபேன்டசியும் தான் கூட, அதிலயும் வேற உலகங்களப் பத்தினதும் சர்க்கஸப் பத்தினதும் ஒரு அலுமாரி முழுக்க. ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், டீச்சர்மார், நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்ல வேலை செய்யிற தம்பிமார் எண்டு நிறையப் பேர் வந்து எடுத்துட்டுப் போறாங்க. வாற எல்லாரும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள், அதால எல்லாத்துக்கும் பதில ஒரே இடத்தில எழுதி வச்சிட்டன். ஒரு கதையின்டயும் முடிவ வெளிய விடல்ல, பயப்படாம வாசிக்கலாம்.

கேள்வி: சர்க்கஸ் கதையும் வேற கிரகத்துக் கதையும் ஏன் ஒரே அலுமாரியில வச்சிருக்கிறீங்க?

எனக்கு ரெண்டும் ஒண்டு தான். நான் ஒரு எட்டு வயசுப் பிள்ளையா இருக்கேக்க டவுன்ல கார்னிவல் வந்தது, அதில மரணக்கிணறு எண்டு பலகையால அடிச்ச ஒரு பெரிய வட்டச் சுவர், அதுக்குள்ள ஒரு ஆள் மோட்டார் சைக்கிள் ஓட்டுறார், முதல்ல தரையில சுத்துறார், பிறகு சரிவில ஏறுறார், பிறகு பாத்தா நேர் சுவர்ல படுத்த மாதிரிச் சுத்துறார், மேல இருந்து எட்டிப் பாக்கிற எங்கட மூஞ்சிக்குக் கிட்ட வந்து கைய விட்டுட்டுப் போறார். ஏன் விழல்ல எண்டு அப்பாவக் கேட்டன். வேகமாச் சுத்துற வரைக்கும் அவருக்கு அந்தச் சுவர் தான் தரை, மெதுவாக்கினா விழுந்திடுவார் எண்டார். அண்டைக்கு ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்ல. ரெண்டு கிழமையால திரும்பிப் போய்ப் பாத்தா கிரவுண்ட்ல ஒண்டுமே இல்ல, புல்லு மஞ்சளாப் போன ஒரு வட்டம் மட்டும் கிடந்தது.

சர்க்கஸ் பிறந்ததே இப்பிடி ஒரு வட்டத்துக்குள்ள தான். 1768ல லண்டன்ல பிலிப் ஆஸ்ட்லி எண்டு ஒருத்தர், முந்தி குதிரைப் படையில இருந்தவர், குதிரை வட்டமா ஓடினா அதின்ட முதுகில எழும்பி நிக்கிறது லேசு எண்டு கண்டார், சுத்துற வேகம் ஆள வெளிய தள்ளும், ஆள் உள்பக்கம் சாய்வார், ரெண்டும் சமமாகிற இடத்தில விழாம நிக்கலாம். பிறகு அந்த வட்டத்துக்கு 42 அடி விட்டம் எண்டு ஒரு அளவு வந்து, கிட்டத்தட்ட 13 மீற்றர், இண்டைக்கும் சர்க்கஸ்காரங்க அத தான் வச்சிருக்கிறாங்க. அப்ப யோசிச்சுப் பாருங்க, 42 அடிக்குள்ள புவியீர்ப்பு வேற மாதிரி வேலை செய்யுது, வெளிய இருக்கிற சட்டம் உள்ள செல்லாது, டிக்கட் குடுத்தா உள்ள போகலாம், ஒரு நாள் விடியப் பாத்தா எல்லாம் காணாமப் போயிடும். கிரகம் எண்டா வேற என்ன? ராக்கெட்டுக்குப் பதிலா லொறியில வருது, அவ்வளவு தான் வித்தியாசம்.

கேள்வி: முதல்ல எத எடுக்கிறது?

இங்கிலீஷ் ஓரளவு ஓடும், கதை கெதியாப் போக வேணும் எண்டா ரே பிராட்பரியின்ட கார்னிவல் கதை. வடிவான இடத்தில மெதுவா நடந்து பாக்க விருப்பம் எண்டா நைட் சர்க்கஸ் எண்ட நாவல். கணக்கும் விஞ்ஞானமும் பிடிக்கும் எண்டா ஆர்தர் சி. கிளார்க்கின்ட விண்வெளிக் கதை ராமா. மூண்டையும் ஒரே நாளில தூக்கிட்டுப் போறவங்க ஒண்டையும் முடிக்கிறதில்ல, நான் பாத்திருக்கிறன், ஒண்டு ஒண்டா எடுங்க.

கேள்வி: பிராட்பரியின்ட கதையில அப்பிடி என்ன இருக்கு?

ரே பிராட்பரி எழுதின சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ், 1962. அமெரிக்காவில ஒரு சின்ன ஊர், ஒக்டோபர் மாசம், ரெண்டு பெடியள், வில்லும் ஜிம்மும், பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருத்தன் நடுச்சாமத்துக்கு ஒரு நிமிசம் முதல் பிறந்தவன், மத்தவன் ஒரு நிமிசம் பிந்திப் பிறந்தவன். சாமத்தில ரயில்ல ஒரு கார்னிவல் வந்து இறங்குது. அதில ஒரு குதிரை ராட்டினம் இருக்கு. அது முன்னுக்குச் சுத்தினா ஏறி இருக்கிற ஆளுக்கு ஒரு சுத்துக்கு ஒரு வயசு கூடும், பின்னுக்குச் சுத்தினா ஒரு சுத்துக்கு ஒரு வயசு குறையும், பின்னுக்குச் சுத்தேக்க பாட்டும் தலைகீழா வாசிக்கும்.

இவ்வளவு தான் அந்தக் கதையின்ட மந்திரம். ஆனா இந்த ஒரு விதிய வச்சு பிராட்பரி எங்க எல்லாம் போறார் எண்டு பாருங்க. பதின்மூண்டு வயசுப் பெடியனுக்குக் கெதியா வளர ஆசை, அவனுக்கு முன்னுக்குச் சுத்துற ராட்டினம் வேணும். வில்லின்ட அப்பாவுக்கு 54 வயசு, லைப்ரரியில கூட்டித் துடைக்கிற வேலை, தான் கிழவனாப் போயிட்டன், மகனோட ஓடி விளையாட ஏலாது எண்டு மனசுக்குள்ள கவலை, அவருக்குப் பின்னுக்குச் சுத்துறது வேணும். ஒரு டீச்சர் இருக்கிறா, அவவுக்கும் திரும்பச் சின்னப் பிள்ளையா வர ஆசை. சரி, உடம்பு சின்னதாகிட்டு, ஆனா உள்ள இருக்கிற மனசு பழைய ஆள் தானே, இவ தான் அந்த டீச்சர் எண்டு ஊர்ல ஆர் நம்பப் போறாங்க? ஆர் அவவுக்குச் சோறு போடுவாங்க? அந்த இடத்தில எனக்கு நெஞ்சு அடைச்சிட்டு. ஆசைப்பட்டது அப்பிடியே கிடைக்குது, கிடைச்ச பிறகு தான் அதுக்கு என்ன விலை எண்டு தெரிய வருது.

அப்பாவும் மகனும் கதைக்கிற இடங்கள மட்டும் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். வீட்டில அப்பாவோட கதைக்கக் கஷ்டப்படுற பெடியன் ஆரும் வந்தா நானே எடுத்துக் குடுக்கிறது இந்தப் புத்தகத்தத் தான். இங்கிலீஷ் கொஞ்சம் பாட்டு மாதிரி இருக்கும், ஒரு வசனத்துக்குள்ள ஒன்பது படம் காட்டுவார், எல்லாத்தையும் விளங்கிக்கொள்ள நிக்காதீங்க, அப்பிடியே ஓட விடுங்க.

கேள்வி: நைட் சர்க்கஸ் அம்பது பக்கம் வாசிச்சன், ஒண்டுமே நடக்கல்ல, விடலாமா?

எரின் மோர்கன்ஸ்டேர்ன் எழுதினது, 2011ல வந்தது. விட வேணாம், ஆனா வாசிக்கிற விதத்த மாத்துங்க. கிட்டத்தட்ட எல்லா அத்தியாயத்துக்கும் தலையில இடமும் திகதியும் போட்டிருக்கு, நிறையப் பேர் அத விட்டுட்டுப் போறாங்க, பிறகு எனக்கு ஒண்டும் விளங்கல்ல எண்டு வந்து நிக்கிறாங்க. கதை நேர் கோட்டில போகாது, ஒரு பக்கம் 1880கள்ல போகேக்க மத்தப் பக்கம் பல வருசம் தள்ளி இன்னொரு பெடியன்ட கதை போகும், ரெண்டும் மெதுமெதுவாக் கிட்ட வரும். ஒரு கடதாசித் துண்டில திகதிகள எழுதி வச்சுக்கொண்டு வாசிச்சா சுகமா இருக்கும்.

விசயம் இது தான். அறிவிப்பு ஒண்டும் இல்லாம ஒரு சர்க்கஸ் வருது, பொழுதுபட்டாத் திறக்கும், விடிய மூடும், கூடாரம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ரெண்டு கிழட்டு மந்திரவாதிகள் தங்கட மாணவர்கள் ரெண்டு பேர சின்ன வயசிலயே ஒரு போட்டியில கட்டி விடுறாங்க, அந்தப் போட்டி நடக்கிற மைதானம் தான் சர்க்கஸ். பனியால செய்த தோட்டம், முகிலுக்குள்ள ஏறுற கூடாரம் எண்டு ஒவ்வொண்டும் ஒருத்தர் மத்தவருக்கு விடுற சவால், போகப் போக அது சவாலா காதல் கடிதமா எண்டு எங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. ஆனா இவ்வளத்தையும் விழாமத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது அந்த ரெண்டு பேரின்ட உடம்பும் மனசும் தான், அதுக்குள்ள வேலை செய்யிற மத்த ஆக்களின்ட கதி என்ன எண்டதும் ஒரு கேள்வி. சர்க்கஸுக்குப் பின்னால ஊர் ஊரா அலையிற ரசிகர் கூட்டம் ஒண்டு இருக்கு, அடையாளத்துக்குச் சிவப்பு நிறத்தில ஏதாவது உடுப்பாங்க, எனக்கு அவங்களத் தான் கூடப் பிடிக்கும்.

கேள்வி: சரியான சயன்ஸ் ஃபிக்‌ஷன்ல சர்க்கஸ் வாறதில்லயா?

வருது. பெரி லொங்யியர் எண்டவர் எழுதின சர்க்கஸ் வேர்ல்ட் கதைகள் இருக்கு. விண்வெளியில ஊர் ஊரா, இல்ல, கிரகம் கிரகமா ஓடுற ஒரு சர்க்கஸ் கப்பல் மோமஸ் எண்ட கிரகத்தில மாட்டுப்படுது, வெளிய வர வழி இல்ல. பல தலைமுறைக்குப் பிறகு போய்ப் பாத்தா அந்தக் கிரகத்தில இருக்கிற எல்லாரும் அவங்கட பேரப்பிள்ளைகள், கோமாளிகள் ஒரு கூட்டம், வித்தைக்காரர் ஒரு கூட்டம், குறி சொல்லுறவங்க ஒரு கூட்டம் எண்டு தான் நாடே இருக்கு. கப்பலுக்கு சிற்றி ஒஃப் பராபூ எண்டு பேர், பராபூ எண்டது அமெரிக்காவில ரிங்லிங் சகோதரர்கள் 1884ல தங்கட சர்க்கஸத் தொடங்கின ஊர்.

ஜாக் வான்ஸ் 1975ல எழுதின ஷோபோட் வேர்ல்ட் இன்னொண்டு. கிரகம் சரியான பெரிசு, ஆனா இரும்பு கிடைக்கிறது அருமை, அதால மெஷின் ஒண்டும் வளரல்ல, ஆத்தில படகு ஓட்டி அந்தப் படகிலயே நாடகம் போட்டுப் பிழைக்கிற கூட்டங்கள் இருக்கு. நிலத்துக்குக் கீழ என்ன இல்ல எண்டதில இருந்து மேடையில என்ன நடக்குது எண்டது வரைக்கும் ஒரே கயிறாப் பின்னியிருக்கிறார். வான்ஸின்ட ஆக்கள் எல்லாம் வாய்ச்சாலாக்குக்காரங்க, கதைச்சுக்கொண்டே ஏமாத்துவாங்க.

ஆனா இந்தக் கேள்விக்கு நான் எப்பவும் கையில எடுத்துக் குடுக்கிறது ஜெனவீவ் வலன்டைன் எழுதின மெக்கனீக், 2011. யுத்தம் முடியாத ஒரு நாடு, எல்லை மாறிக்கொண்டே இருக்கு, ஒரு ஊர் இண்டைக்கு ஆரின்ட கையில எண்டு போனாத் தான் தெரியும், அதுக்குள்ளால சர்க்கஸ் ட்ரெசோல்டி எண்டு ஒரு கூட்டம் வண்டியில போகுது. அதில இருக்கிற ஆக்கள் எல்லாம் யுத்தத்தில உடைஞ்சு போனவங்க. கூட்டத்துக்குத் தலைவி ஒரு பொம்பிள, அவ இரும்பும் செம்பும் வச்சு ஆக்களத் திரும்பக் கட்டுறா, அந்தரத்தில ஆடுற பெண்களுக்கு எலும்புக்குப் பதிலா உள்ளுக்கு வெறுமையான செம்புக் குழாய், அதால தான் பாரமில்லாமப் பறக்கிறாங்க. அந்தக் கைவேலை யுத்தத்துக்கு உதவும் எண்டு தெரிஞ்ச உடன அரசாங்கத்து ஆள் ஒருத்தன் தேடி வாறான்.

இத நான் முதல் வாசிச்ச நாளில வாசிச்சு முடிச்சிட்டுக் கேற்றடியில போய் நிண்டன். எங்கட வீதியால செயற்கைக் காலோட சைக்கிள் மிதிச்சுப் போற ஒரு அண்ணா இருக்கிறார், தினமும் மீன் வாங்கப் போவார். அவர் போறத இவ்வளவு காலமும் பாத்தும் பாக்காத மாதிரித் தான் நான் இருந்திருக்கிறன் எண்டு அண்டைக்கு விளங்கிச்சு. எங்கட ஊர்ல வளர்ந்த ஆளுக்கு அந்தப் புத்தகம் வேற ஒரு நாட்டுக் கதையா இருக்காது.

கேள்வி: பெரியாக்களுக்கு மட்டும் எண்டு நீங்க மேல் தட்டில வச்சிருக்கிறது என்ன?

அஞ்சலா கார்ட்டரின்ட நைட்ஸ் அட் த சர்க்கஸ், 1984. செட்டை முளைச்ச ஒரு சர்க்கஸ்காரி, தான் முட்டையில இருந்து பொரிச்சு வந்தவள் எண்டு சொல்லுறாள், அது உண்மையா பொய்யா எண்டு கண்டுபிடிக்க ஒரு நிருபர் கோமாளி வேசம் போட்டு சர்க்கஸில சேந்து லண்டன்ல இருந்து சைபீரியா வரைக்கும் போறான். நான் வாசிச்சதில மிச்சம் துணிச்சலான இங்கிலீஷ். ஆனா விபச்சார விடுதி, அடிதடி எல்லாம் திறந்தபடி வருது, பதினெட்டுக்குக் கீழ குடுக்க மாட்டன்.

கேள்வி: டொக்டர் லாவோவின்ட சர்க்கஸ் எண்டு ஒரு சின்னப் புத்தகம் கண்டன், அது எப்பிடி?

சார்ல்ஸ் ஃபின்னி எழுதினது, 1935. அரிசோனாப் பாலைவனத்தில அபலோன் எண்டு ஒரு ஊருக்கு சர்க்கஸ் வருது, அதில மெய்யான கடற்கன்னி, பாக்கிற ஆளக் கல்லாக்கிற மெய்யான மெடூசா, செத்தவன எழுப்புற ஞானி எல்லாம் இருக்கு. ஊர் ஆக்கள் வந்து பாக்கிறாங்க, பாத்திட்டு அது கரடியா மனுசனா எண்டு சண்டை பிடிக்கிறாங்க, வீட்ட போறாங்க. முன்னால நிக்கிற அதிசயத்தப் பாக்கத் தெரியாத ஆக்களப் பத்தின கதை. எனக்கு உடன எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகள் தான் ஞாபகம் வந்தது, பக்கத்துப் பக்கத்தில ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் தண்ணி ஒவ்வொரு சூடு, நிலத்துக்கு அடியில என்ன நடந்தா இப்பிடி வரும் எண்டு ஒரு நிமிசம் நிண்டு யோசிக்காம வாளியால ஊத்திட்டு ஃபோட்டோ எடுத்துட்டு வாறம். சீனாக்காரரயும் பொம்பிளைகளயும் எழுதியிருக்கிற விதம் அந்தக் காலத்து விதம், அதில சில இடம் வாசிக்கக் கூசும், தெரிஞ்சுகொண்டு எடுங்க.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் திருகோணமலைக்கு வந்தவர் எண்டு சொல்லுறது மெய்யா?

மெய் தான், ராமா எழுதின அந்த சயன்ஸ் ஃபிக்‌ஷன் எழுத்தாளர் கோணேசர் மலைக்குக் கீழ சுழி ஓடினவர். இங்கிலாந்தில இருந்து 1956ல இலங்கைக்கு வந்தார், கடலுக்கடியில நீந்த விருப்பப்பட்டுத் தான் வந்தவர், நீருக்குள்ள இருந்தா விண்வெளியில மாதிரி பாரம் தெரியாது எண்டது அவருக்குப் பெரிய இழுப்பு. அவரும் கூட்டாளி மைக் வில்சனும் அந்த மலையடியில இறங்கேக்க கடலுக்குள்ள பழைய கோயிலின்ட செதுக்கின கல்லுகளும் தூண்களும் கிடக்கிறதக் கண்டாங்க. 1622ல போர்த்துக்கேயர் இடிச்ச கோணேசர் கோயிலின்ட கல்லு, கொஞ்சம் கோட்டை கட்டப் போச்சு, கொஞ்சம் கடலுக்குள்ள போச்சு. கிளார்க் அத 1957ல வந்த த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன் எண்ட புத்தகத்தில எழுதியிருக்கிறார். பிறகு சாகும் வரைக்கும் இந்த நாட்டிலயே இருந்தார், 2008 மார்ச்சில கொழும்பில செத்தார்.

அவரின்ட ரெண்டு புத்தகத்தச் சொல்லாம விட ஏலாது.

ரொண்டேவூ வித் ராமா, 1973. 2131ம் ஆண்டு சூரியனப் பாத்து ஒரு பொருள் வருது, முதல்ல ஏதோ ஒரு விண்கல் எண்டு நினைக்கிறாங்க, கிட்டப் போய்ப் பாத்தா 50 கிலோமீற்றர் நீளமும் 20 கிலோமீற்றர் அகலமும் உள்ள ஒரு உருளை, ஆரோ செய்தது. உள்ளுக்கு வெறுமை. நாலு நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு சுத்துச் சுத்துது, அந்தச் சுத்துற வேகத்தால உள்பக்கச் சுவர் தான் தரை. இப்ப விளங்குதா நான் ஏன் மரணக்கிணத்தில தொடங்கினன் எண்டு? அப்பா எனக்குச் சொன்ன அதே பதில் தான், கிளார்க் அதுக்குள்ள ஒரு உலகத்தக் கட்டியிருக்கிறார். நடுவில ஏறினா பாரம் இல்ல, படியில இறங்க இறங்க உடம்பு பாரமாகிக்கொண்டு வரும்.

அந்த உருளைக்கு நடுவில பட்டி கட்டின மாதிரி ஒரு கடல் சுத்தி ஓடுது. டச் பே கடற்கரையில பின்னேரம் நிண்டு இதக் கற்பனை பண்ணிப் பாருங்க, வலது பக்கம் கடல் அப்பிடியே மேல ஏறுது, இடது பக்கமும் ஏறுது, தலைக்கு நேர மேல கடல் தலைகீழா இருக்கு, ஒரு சொட்டும் விழல்ல. நான் சொல்லிக் குடுத்து அப்பிடி நிண்டு பாத்த பிள்ளைகள் ரெண்டு மூண்டு பேர் எனக்குத் தலை சுத்துது எண்டு மண்ணில இருந்திட்டாங்க. முதல்ல அந்தக் கடல் உறைஞ்சு போய்க் கிடக்கும், சூரியனுக்குக் கிட்டப் போகப் போக என்ன ஆகும் எண்டு வாசிச்சுப் பாருங்க. பின்னால வேற ஒருத்தரோட சேந்து எழுதின பாகங்களும் இருக்கு, எனக்கு அதில விருப்பம் இல்ல, முதல் புத்தகத்தோட நிண்டிட்டன்.

மற்றது த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ், 1979. பூமியில இருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுற கதை. அந்த லிஃப்ட் பூமத்திய ரேகையில தான் நிக்க வேணும், ஏனெண்டா மேல இருக்கிற நுனி பூமியோட சேந்து ஒரே இடத்துக்கு மேல நிக்கிறது அங்க தான் சரி வரும், இலங்கையோ ரேகைக்கு வடக்கால இருக்கு. அதால கிளார்க் தானே சொல்லியிருக்கிறார், தீவ ஒரு 800 கிலோமீற்றர் தெற்கால தள்ளியிருக்கிறன், சிவனொளிபாத மலைய ரெண்டு மடங்கு உயரமாக்கியிருக்கிறன் எண்டு. சிகிரியாவும் வேற பேர்ல வருது.

கேள்வி: சர்க்கஸ் இல்லாத வேற உலகம் எண்டா எது?

ஸ்தனிஸ்லாவ் லெம் எழுதின சொலாரிஸ், 1961, ஒரு கிரகம் முழுக்க ஒரே கடல், அந்தக் கடலுக்கு உயிர் இருக்கு, மனுசர் நூறு வருசமா ஆராய்ச்சி பண்ணியும் அது என்ன எண்டு விளங்கல்ல. உர்சுலா லெ குவினின்ட த லெஃப்ட் ஹேண்ட் ஒஃப் டார்க்னஸ், 1969, உறைபனிக் கிரகம், அங்க ஆக்கள் நிரந்தரமா ஆணுமில்ல பொண்ணுமில்ல, அத ஒண்ட மட்டும் மாத்திட்டு அரசியல், குடும்பம், கோபம், நட்பு எல்லாம் எப்பிடி மாறும் எண்டு பாக்கிறா, பனிக்கு மேலால ரெண்டு பேர் இழுத்துப் போற அந்த நீண்ட பயணத்தத் தவற விடாதீங்க. சூசானா கிளார்க்கின்ட பிரனேசி, 2020, முடிவில்லாத ஒரு வீடு, மண்டபம் மண்டபமாச் சிலை, கீழ் மாடியில கடல் ஏறி இறங்குது, அங்க தனிய இருக்கிற ஒருத்தன் வத்துப்பெருக்கு எப்ப வரும் எண்டு கொப்பியில கணக்கு எழுதி எழுதி உயிர் பிழைக்கிறான். கடலோட பிழைக்கிற ஆக்களுக்கு அந்தக் கொப்பி நல்லா விளங்கும்.

கேள்வி: தமிழ்ல இப்பிடி ஒண்டும் இல்லயா?

சுஜாதாவின்ட என் இனிய இயந்திராவும் மீண்டும் ஜீனோவும் எல்லாருக்கும் தெரியும், பிள்ளை பெறவும் அரசாங்கம் அனுமதி தர வேண்டிய ஒரு காலம், அதுக்குள்ள புத்தகம் வாசிக்கிற ஒரு ரோபோ நாய். ஜெயமோகன்ட விசும்பு தொகுப்பில நல்ல அறிவியல் கதைகள் இருக்கு.

ஆனா எனக்கு மணிமேகலையத் தான் முதல் சொல்ல வேணும். பரீட்சைக்குப் படிச்சதால நாங்க அத கதையா வாசிக்க மறந்திட்டம். நித்திரையா இருக்கிற பிள்ளையத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவம் எண்ட தீவில வச்சிட்டுப் போகுது, எழும்பிப் பாத்தா ஆருமே இல்லாத மணல், அங்க ஒரு பீடிகை, அதக் கண்டாப் பழைய பிறப்புத் தெரியும். தெய்வம் மூண்டு மந்திரம் குடுக்குது, வானத்தில போக ஒண்டு, உரு மாற ஒண்டு, பசி தெரியாம இருக்க ஒண்டு. இதில உரு மாறுற மந்திரத்தப் பாருங்க. அரசகுமாரன் பின்னால திரியிறான் எண்டு அவனிட்ட இருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை எண்ட பொம்பிளையின்ட உருவத்த எடுக்கிறாள். காயசண்டிகையின்ட புருசன் தன்ட மனுசியத் தேடி வாறான், இவள் தான் அவள் எண்டு நினைக்கிறான், இவளோட அரசகுமாரன் கதைக்கிறதக் கண்டு அவன வெட்டிப் போடுறான். பிறகு மணிமேகலைக்குச் சிறை. தப்பிக்க எண்டு எடுத்த உருவம் ஒரு ஆளக் கொலையில கொண்டு போய் விட்டிட்டு. பிராட்பரியின்ட ராட்டினத்தில நான் சொன்ன அந்த விலை இங்க முதலே இருக்கு. மணிபல்லவம் நயினாதீவு தான் எண்டு சொல்லுற வழக்கமும் இருக்கு, அப்பிடிப் பாத்தா எங்கட தீவுக் கடலுக்குள்ளயே எங்கட வேற்று உலகம்.

சர்க்கஸ் நாவல் எண்டு தமிழ்ல நான் தேடித் தேடி வாசிச்சது கொஞ்சம். அது எழுதப்பட வேணும் எண்டு மனசாரச் சொல்லுறன். இந்தியாவில சர்க்கஸ் வளர்ந்த கேரளாத் தலச்சேரி எங்களுக்குத் தூரமா? கீலேரி குஞ்ஞிக்கண்ணன் எண்ட ஆசான் அங்க கொட்டகை போட்டுப் பிள்ளைகளப் பழக்கி அனுப்பினார். கழைக்கூத்தாடியும் கயித்தில நடக்கிறதும் எங்கட பழைய சங்கதி தானே.

கேள்வி: அப்ப நான் திருகோணமலைய வச்சு ஒரு வேற்று உலகக் கதை எழுதலாமா?

எழுதுங்க, இதக் கேட்டு ஆரும் வந்தா எனக்கு அண்டைக்குச் சோறு வேணாம். ஒரே ஒரு சொல்லு மட்டும் கேளுங்க. ஒண்ட மாத்துங்க, மிச்சத்த அப்பிடியே விடுங்க. கிளார்க் மலைய உயர்த்தினார், தீவ நகர்த்தினார், ஆனா அந்த லிஃப்ட் நிக்கிறதுக்கு எது தேவையோ அத மட்டும் தான் தொட்டார். இங்க எழுதிக் கொண்டு வாற பிள்ளைகள் முதல் பக்கத்திலயே பறக்கிற குதிரை, மூண்டு நிலா, பேசுற வாள், மறைஞ்சு போற மோதிரம் எல்லாத்தையும் கொட்டிடுறாங்க, பத்தாம் பக்கத்தில ஆபத்து வந்தா எங்களுக்குப் பயம் வராது, ஏனெண்டா எதுவும் நடக்கலாம் எண்ட இடத்தில எது நடந்தா என்ன.

உதாரணத்துக்கு, கோட்டைக்குள்ளயும் டவுன்லயும் மான் திரியுது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூடக் காணலாம், வெளிய இருந்து வாறவங்க நிண்டு பாக்கிறாங்க, எங்களுக்கு அது பழகிப் போச்சு. அந்த மான் ஒவ்வொண்டும் ராத்திரியில ஒரு வீட்டு வாசல்ல வந்து நிக்கும், அது நிக்கிற வீட்டில அடுத்த நாள் ஒருத்தர் ஒரு ஞாபகத்த இழந்திடுவார் எண்டு வையுங்க. அவ்வளவு தான், வேற ஒண்டும் மாத்தாதீங்க, இடியப்பம் அதே இடியப்பம், மீன் விலை அதே விலை. இப்ப ஆக்கள் என்ன செய்வாங்க? வாசல அடைப்பாங்களா, இல்ல, மறக்க விருப்பமான ஒண்டு இருக்கிறவங்க கேற்றத் திறந்து வச்சு புல்லுப் போட்டுக் கூப்பிடுவாங்களா? எங்கட ஊர்ல மறக்க விருப்பமானது இல்லாத வீடு எத்தினை இருக்கு? ஞாபகத்த விட மாட்டன் எண்டு மானக் கல்லெறிஞ்சு கலைக்கிற அம்மா ஒராள் இருப்பா தானே? அங்க தான் கதை தொடங்குது. இது என்ட யோசனை, விருப்பமான ஆள் எடுத்து எழுதலாம், எனக்குக் காட்டினாப் போதும்.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது, இதெல்லாம் வாசிக்க ஏலுமா?

ஏலும். டிக்‌ஷனரிய ஒரு பக்கத்துக்கு மூண்டு தரத்துக்கு மேல தொடாதீங்க, தொட்டா கதை அறுந்து போகும். இந்த மாதிரிப் புத்தகத்தில எழுத்தாளரே உண்டாக்கின சொல்லு நிறைய வரும், அது இங்கிலீஷ்காரனுக்கும் தெரியாத சொல்லு, நாலு தரம் வந்தாத் தானா விளங்கும். ரெண்டு பேர் சேந்து ஒரே புத்தகத்த எடுத்து ஆளுக்கு ஒரு அத்தியாயம் வாசிச்சு மத்தவருக்குத் தமிழ்ல சொல்லுங்க, மூதூர்ல இருந்து வாற அக்காவும் தங்கச்சியும் அப்பிடித் தான் நைட் சர்க்கஸ முடிச்சாங்க.

கேள்வி: பிள்ளைகளுக்கு ராத்திரியில பயம் வராதா?

பிராட்பரி பத்து வயசுக்குக் கீழ வேணாம். பன்னிரண்டுக்கு மேல சரி. பகல்ல வாசிக்கச் சொல்லுங்க.

கேள்வி: புத்தகம் எடுத்தா எத்தினை நாள் வச்சிருக்கலாம்?

மூண்டு கிழமை. காசு வேணாம். எங்கட பக்கம் உப்புக்காத்து, கடற்கரைக்குக் கொண்டு போய் மணலில வைக்காதீங்க, ஒட்டின பசை விட்டிடும், ஒரு பொலித்தீன் பைக்குள்ள போட்டு வச்சாக் காணும். பக்கத்த மடிக்காம பஸ் டிக்கட் ஒண்ட வையுங்க. மெக்கனீக் ஒரே ஒரு பிரதி தான் இருக்கு, அது இப்ப தம்பலகாமத்தில ஒரு சேர்ட்ட. ராமா கிண்ணியாவில ஒரு தங்கச்சியிட்ட இருக்கு, மாசக் கடைசியில வரும், அதுக்குப் பிறகு மூண்டு பேர் சொல்லி வச்சிருக்கிறாங்க, உங்கட பேரும் சேக்க வேணும் எண்டா பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு வாங்க.